தருப்பை முதல் றப்பர் வரை

யோகாசனம் பயிலப் புகுவோர் இக்காலத்தில் முதலிற் கேட்பது எந்த ஆசனம் என்பதன்று, எந்தப் பாய் என்பதே. ஹற்றன் கடைத்தெருவில் நடந்தாற்கூடச் சுருட்டி வைத்த வண்ண விரிப்புகள் கண்ணிற் படுகின்றன. இது கடைக்காரர் மூட்டிவிட்ட ஆசை என்று எண்ணுவோர் உளர். சரித்திரத்தை நோக்கின் அவ்வாறு தள்ளிவிட இயலாது. ஆசனம் என்னும் சொல்லே ஆதியில் உட்காருதலையும் உட்காரும் இருக்கையையுந்தான் குறித்தது. உடலை வளைத்து நிற்கும் நிலைகளுக்கு அப்பெயர் வந்தது பின்னர்.

பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம் யோகி அமரவேண்டிய இடத்தைச் சொல்லும்போது, மிக உயரமும் மிகத் தாழ்வும் இல்லாத தூய இடத்தில் துணி, மான்தோல், குசைப்புல் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கச் சொல்லுகிறது. இதற்கு உரை கண்ட சங்கரர், பாட்டிற் சொன்ன வரிசையைத் தலைகீழாகக் கொள்ளவேண்டும் என்றார். அதாவது அடியிற் புல், அதன்மேல் தோல், எல்லாவற்றுக்கும் மேலே துணி. உரையாசிரியருக்கு இந்த அக்கறை ஏன் வந்தது என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. குளிர்ந்த தரையில் ஒரு நாழிகை அசையாது அமர்ந்து பார்த்தவர்க்கு விடை தானே விளங்கும். புல்லின் தண்டுகளுக்கிடையே அடைபட்ட காற்று தரையின் குளிரைத் தடுக்கும்; தோல் ஈரத்தை மறிக்கும்; துணி உடலுக்கு இதமாயிருக்கும். அக்காலத்து விரிப்புக்குக் குளிரையும் ஈரத்தையும் விலக்குவதே வேலை. வழுக்காமை அன்று ஒரு பிரச்சினையன்று. அமர்ந்திருப்பவன் எங்கே வழுக்கப் போகிறான்?

தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்தது கோரை. சிறு பாய்க்குத் தடுக்கு என்ற அழகிய சொல் நம்மிடம் இருக்க, நாம் 'யோகா மெற்' என்று சொல்லித் திரிகிறோம், அது நிற்க. திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணி பாயும் பகுதியிலுள்ள பத்தமடை கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர். கோரையை மெல்லிதாய்க் கீறி, நீரில் ஊறவைத்து, பருத்தி நூலையோ பட்டு நூலையோ பாவாக இட்டு நெய்வார்கள். நயமான பாயைத் துணிபோல மடித்துவிடலாம். நெய்வோரிற் பெரும்பாலார் முஸ்லிம் குடும்பத்தினர். அதே பத்தமடையில் 1887 ஆம் ஆண்டு பிறந்த குப்புசாமி என்பவரே, மலாயாவில் வைத்தியராய்ப் பணியாற்றி, பின் துறவு பூண்டு, 1936 இல் ரிஷிகேசத்தில் தெய்வநெறிக் கழகத்தை நிறுவிய சுவாமி சிவானந்தர். யோகத்தை உலகுக்குப் பரப்பியவர் பாய் நெய்யும் ஊரிலே பிறந்தார் என்பது தற்செயலே. ஆனாலும் எனக்கு அது பிடித்த தற்செயல்.

சிவானந்தர் 1950 இல் இந்தியா முழுவதும் யாத்திரை செய்தபோது இலங்கைக்கும் வந்தார். அவருடைய சீடரும் கோயம்புத்தூர்ப் பக்கத்தவருமான சுவாமி சச்சிதானந்தர் 1953 இல் இங்கு அனுப்பப்பட்டார். கண்டியில் தபோவனம் அமைத்துப் பல்லாண்டு யோகம் கற்பித்தார். நமது மலைநாட்டிலிருந்து சென்ற இவரே 1966 இல் நியூயோர்க் நகரை அடைந்து, 1969 இல் வுட்ஸ்ரொக் இசைவிழாவைத் தொடக்கி வைத்துப் பேசினார்.

இதற்கிடையே ஆசனமே மாறிவிட்டது. 1930களில் மைசூர் அரண்மனையின் யோகசாலையில் கிருஷ்ணமாசாரியார் கற்பித்த முறையில், நிற்பதும் குதிப்பதும் கையூன்றி உடலைத் தாங்குவதும் மிகுந்தன. வியர்வை பெருகும் பயிற்சி அது. பருத்தி விரிப்பு வியர்வையைக் குடிக்கும். எனினும் மெழுகிய தரையில் அதுவே நகர்ந்துவிடும். மேனாட்டில் மரத்தளத்திலும் கம்பளத்திலும் பயின்றோர் பெரிதும் இடர்ப்பட்டனர். அஞ்செலா ஃபார்மர் என்ற ஆங்கிலேய ஆசிரியைக்குச் சத்திரசிகிச்சை ஒன்றின் விளைவாகக் கைகளிலும் கால்களிலும் வியர்ப்பதில்லை; ஆதலின் பிடிமானம் இல்லை. ஜெர்மனியிற் கற்பிக்கும் போது, கம்பளம் நகராதிருக்க அடியில் இடும் நுரைத்தாளை வெட்டி விரித்துப் பார்த்தார். கால் ஒட்டி நின்றது. 1980களில் அது வாணிபப் பொருளாகப் பரவிற்று. இங்ஙனம் குளிரை விலக்கப் பிறந்த விரிப்பு, காலைப் பற்றும் விரிப்பாயிற்று.

அந்த ஒட்டும் விரிப்புகள் பீவீசி என்னும் பிளாஸ்டிக்காலானவை. பீவீசி தன்னியல்பில் விறைப்பானது. 1926 இல் அமெரிக்க இரசாயனவறிஞர் வால்டோ சீமன் அதை மென்மையாக்கும் வழியைக் கண்டார். மலிவு, உழைப்பு, எளிதிற் கழுவலாம் என்னும் நன்மைகள் அதற்கு உண்டு. ஆனால் மென்மைக்காகச் சேர்க்கும் பதார்த்தங்கள் சில உடல்நலத்துக்கு ஆகாதவை என்று பல நாடுகள் கட்டுப்படுத்தியுள்ளன. கிழிந்தபின் மண்ணில் மக்காது, எரித்தால் நச்சுப்புகை.

மாற்றாக வந்தது இயற்கை றப்பர். அதன் கதையோ நம் வீட்டுக் கதை. விக்கம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க, அக்கன்றுகளில் 1,900க்கு மேற்பட்டவை 1876 இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவின் ஹெனரத்கொடையில் வளர்க்கப்பட்டன. எங்கள் பாடசாலைக்கு வந்த பாட்டி ஒருவர் புதிய றப்பர் விரிப்பை முகர்ந்து பார்த்து, "ஐயா, இது நான் களுத்துறைப் பக்கம் பால்வெட்டிய காலத்து வாசமுங்க" என்றார். அந்த வாசம் ஓரிரு கிழமைகளிற் குறையும்.

இனி நமது இடத்துக்கு வருவோம். றொசல்லவும் அயலிலுள்ள வட்டவளையும் நாட்டிலேயே மிகுந்த மழை பெறும் பிரதேசம். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2014 இல் பிரகடனஞ் செய்த யோகா தினமாகிய ஜூன் 21, எங்கள் தென்மேற்குப் பருவமழையின் நடுவில் விழுகிறது! ஈரக் காலுடன் வரும் பிள்ளைகள், பனிக்கட்டி போன்ற சீமெந்துத் தரை. நம் முன்னோர் இத்தகைய தரையிற்றான் சாக்கை விரித்துப் படுத்தார்கள். தோட்டத்திற் கொடுத்த கம்பளிக்கும் விலையைச் சம்பளத்திற் பிடித்தார்கள். கொடையாளர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் அன்போடு அனுப்பிய மெல்லிய பிளாஸ்டிக் விரிப்புகள் ஈரத்தில் வழுக்க, ஒரு மாணவியின் மணிக்கட்டு முறிந்தது. விரிப்பைச் சோதியாது விரித்த குற்றம் என்னுடையது. அதன்பின் வாங்கிய கோரைப்பாய்கள் இரண்டு மாதத்திற் பூஞ்சணம் பிடித்தன. கோரை உலர்ந்த நாட்டின் செல்வம்.

ஆகவே இப்பொழுது, நின்று செய்யும் ஆசனங்களுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள றப்பர் விரிப்புகள் சில வைத்திருக்கிறோம், முறைவைத்துப் பயில்கிறார்கள். மூச்சுப் பயிற்சிக்கும் தியானத்துக்கும் சணற்சாக்கின்மேல் பருத்தி ஜமுக்காளம். சங்கரர் சொன்ன வரிசை, மான்தோல் மட்டும் இல்லை. றப்பர் பட்டால் தோல் தடிக்கும் பிள்ளைகள் இருவர் உள்ளனர். அவர்களுக்கு எப்போதும் ஜமுக்காளமே. றப்பருக்கு வெயிலும் எண்ணெயும் பகை. ஆதலால் விரிப்புகளை நிழலிற் காயவைக்கிறோம். குளிருக்காகத் தாய்மார் தேங்காயெண்ணெய் பூசி அனுப்பும் கால்களைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்பே அதன்மேல் ஏறவிடுகிறோம்.