கூலியாளர் கண்ட பெருவழி

மன்னர் அமைத்த சாலைகளை வரலாறு போற்றுகிறது. பீகாரில், கயை மாவட்டத்துக் கெலௌர் சிற்றூரில், நிலமற்ற கூலியாளர் ஒருவர் அமைத்த வழியும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

அவர் பெயர் தசரத் மாஞ்சி. ஊரை மறித்து நின்ற குன்றைச் சுற்றியே மருத்துவரிடம் செல்ல வேண்டும். உற்ற வேளையில் உதவி கிட்டாமல் மனைவி பால்குனி தேவி மறைந்தார். 1960-இல் மாஞ்சி சுத்தியலும் உளியும் எடுத்தார். பித்தர் என்று ஊரார் நகைத்தனர். அவர் கை ஓயவில்லை. 22 ஆண்டுகளில், சுமார் 110 மீட்டர் நீளத்திற்குப் பாறை பிளந்தது. அத்ரிக்கும் வஜீர்கஞ்சுக்கும் இடையே 55 கிலோமீட்டராக இருந்த தொலைவு 15 ஆயிற்று.

அவ்வழி அவர் மனைவியை மீட்டுத் தரவில்லை. அதனால் பயன் பெற்றோர் பிறரே. 2007-இல் அவர் மறைந்தபோது அரசு மரியாதை செய்தது. பொருளும் பதவியும் வந்தபின் தொண்டு செய்வோம் என்று காத்திருப்போர்க்கு அந்த உளியே விடை.