குருதி சொல்லும் சாட்சி



நொய்யலாற்றிலிருந்து வாய்க்கால் வழியாகச் சூலூர்க் குளங்களுக்குத் தண்ணீர் வருவதை நம் வட்டாரத்தார் அறிவர். வாய்க்கால் எங்கேனும் அடைபட்டால் வயல் அன்றே வாடிவிடுவதில்லை. வரப்பின்மேல் நடப்பவனுக்குப் பயிர் பசுமையாகவே தோன்றும். வாட்டம் கண்ணுக்குத் தெரியும் நாளில் வேர் காய்ந்திருக்கும்.

மனிதனுடைய வயிற்றிலும் இத்தகைய வாய்க்கால் ஒன்று உண்டு. பெருந்தமனியிலிருந்து பிரிந்து, ஏறத்தாழ 20 அடி நீளமுள்ள சிறுகுடலுக்குக் குருதியூட்டும் மேல் குடல்தமனியே அது. இதயத்திலிருந்து புறப்பட்ட குருதிக்கட்டி ஒன்று அதன் வாயை அடைத்துவிட்டால், பொறுக்கவொண்ணாத வலி உண்டாகும். ஆனால் வைத்தியர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் மெத்தென்றிருக்கும். என்னுடன் பல்லாண்டு பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவருக்கு ஒரு மாலையில் இவ்வண்ணமே நேர்ந்தது. வாயுக் கோளாறு என்று மருந்து கொடுத்து அனுப்பினர். மறுநாட் காலை வயிறு பலகைபோல் இறுகிவிட்டது. அவரை அடக்கம் செய்து திரும்பிய பின்னரே, இந்நோயின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து எலியட் என்னும் அறுவை வைத்தியர், இவ்வாறு அழுகிய குடலை வெட்டியெடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்த செய்தியை 1895-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1951-இல் கிளாஸ் என்பவர், தமனியைத் திறந்து அடைப்பை அகற்றி, குடலை வெட்டாமலே குருதியோட்டத்தை மீட்கலாம் என்று காட்டினார். ஆக, கை வேலை கைகூடிவிட்டது. கைகூடாதது காலம். அடைப்பு முழுமையானால் சுமார் ஆறு மணி நேரத்துக்குள் குடல் மீளா நிலையை எட்டிவிடக்கூடும். அதற்குள் நோயை அறிவது எப்படி? குடலோ வாய் திறவாது. அதனிடமிருந்து வெளியேறும் குருதியையன்றோ கேட்க வேண்டும்!

முதற் சாட்சி லாக்டிக் அமிலம். புளித்த பாலிலிருந்து இதை 1780-இல் பிரித்தெடுத்தவர் ஸ்வீடன் நாட்டு ஷீலே. 1843-இல் ஜெர்மானிய வைத்தியர் ஷேரர், பிரசவக் காய்ச்சலால் இறந்த பெண்களின் குருதியில் இவ்வமிலம் இருக்கக் கண்டார். பிராணவாயு கிட்டாத தவளைத் தசையில் இது பெருகுகிறது என்பதைக் கேம்பிரிட்ஜில் பிளெட்சரும் ஹாப்கின்ஸும் 1907-இல் மெய்ப்பித்தனர். 1964-இல் பிராடரும் வெயிலும், அதிர்ச்சி நிலையிலுள்ள நோயாளி பிழைப்பாரா என்பதை இதன் அளவைக்கொண்டு கணிக்க முயன்றனர்.

ஆயினும் இச்சாட்சி தாமதமாக வரும் சாட்சி. குடலிலிருந்து வரும் குருதி நேரே கல்லீரலுக்குள் புகுகிறது. கல்லீரலோ லாக்டிக் அமிலத்தை வாங்கித் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. அதனால் கையிலே எடுக்கும் குருதியில் தொடக்கத்தில் அது மிகுந்து தோன்றாமலே இருக்கலாம். மிகுந்து தோன்றினாலும் குடல்தான் குற்றவாளி என்று துணிய முடியாது. கடுஞ்சீழ்நோய், இதயத் தளர்ச்சி முதலியவற்றிலும் அது ஏறும்.

இரண்டாம் சாட்சியின் கதை நமக்கு அணுக்கமானது. எலியட்டின் செய்தி வெளியான அதே 1895-இல், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். அவருடைய சகோதரர் இருவர் ஸ்புரூ என்னும் குடல் நோயால் அடுத்தடுத்து மாண்டனர். அறுவைப் பேராசிரியர் முன் கதர் உடுத்து நின்றதனால் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல் எல்.எம்.எஸ். சான்றே கிட்டியது என்பர் அவர் வரலாற்றை எழுதியோர். பின்னர் அவர் பாஸ்டன் சென்று, ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் ஃபிஸ்கே என்பவரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

அங்கே இருவரும் 1925-இல் வெளியிட்டது, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை நிறங்கொண்டு அளக்கும் முறை. அமிலத்தில் மாலிப்டேட் உப்பைச் சேர்த்து, பிறகு ஒடுக்கும் மருந்தொன்றை ஊற்றினால் நீல நிறம் தோன்றும். நீலத்தின் அடர்த்தி எவ்வளவோ பாஸ்பேட்டும் அவ்வளவு. பள்ளி ஆய்வுக்கூடத்தில் வண்ணம் மாறுவதைக் கண்டு கைதட்டும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சுப்பாராவுக்கும் அந்த வியப்பு இருந்திருக்க வேண்டும். ஏனெனில், தசைச் சாற்றை இம்முறையில் அளந்தபோது நீலம் உடனே முழுமையாகத் தோன்றாமல் மெல்ல மெல்ல அடர்ந்தது. மற்றொருவர் என்றால் மருந்து பழுது என்று கொட்டியிருப்பார். இவர்களோ, ஏதோ ஒரு பொருள் அமிலத்தில் சிதைந்து பாஸ்பேட்டைச் சிறிது சிறிதாக விடுகிறது என்று ஊகித்தனர். 1927-இல் பாஸ்போகிரியேட்டின் வெளிப்பட்டது. 1929-இல் உயிரணுக்களின் செலவுக்குரிய நாணயமாகிய ஏ.டி.பி. என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர்; அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமானும் தனியே அதைக் கண்டார்.

இதற்கும் குடலுக்கும் என்ன தொடர்பு? குருதி நின்றதும் குடலின் உள்தோலில் ஏ.டி.பி. செலவழிகிறது, புதிதாக ஆக்க வழியில்லை. உடைந்த பாஸ்பேட் அணுச்சுவரைக் கடந்து குருதியில் கசிகிறது. 1970-களிலும் 1980-களிலும் ஆய்வாளர் சிலர், குருதிப் பாஸ்பேட்டின் ஏற்றத்தைக் குடல் சாவின் அடையாளமாகக் கொள்ளலாமா என்று ஆராய்ந்தனர். குடலின் பெரும்பகுதி பாதிக்கப்பட்டால் அது ஏறியது. சிறுபகுதி என்றால் ஏமாற்றியது. சிறுநீரகம் கெட்டாலும் ஏறும் என்பது மற்றொரு இடர். சுப்பாராவ் இவ்வாராய்ச்சிகளைக் காணவில்லை. 1948-இல் தம் 53-ஆம் வயதில் காலமானார். அவர் தலைமையில் லெடர்லி ஆய்வுக்கூடத்தார் செயற்கையாக ஆக்கிய ஃபோலிக் அமிலம், அவருடைய சகோதரரைக் கொண்டுபோன ஸ்புரூ நோய்க்கு மருந்தாயிற்று.

அதன்பின் வந்த சாட்சிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடலில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்கும் டி-லாக்டேட், பழுதுபட்ட குடற்சுவரைக் கடந்து குருதியில் வருவதை 1990-களில் ஆராய்ந்தனர். குடலணுக்களிலிருந்து கசியும் கொழுப்பமிலப் புரதம் ஒன்றும் நம்பிக்கை தருகிறது. எனினும் எல்லா மருத்துவமனைகளிலும் அது அளக்கப்படுவதில்லை. இன்று ஐயம் எழுந்த மாத்திரத்தில் சிரையில் மருந்து செலுத்தி சி.டி. படம் எடுப்பதே நெறி. லாக்டேட் சரியாக இருக்கிறது என்று படத்தைத் தள்ளிப்போடலாகாது என்பது நல்ல வைத்தியர் கற்பிக்கும் பாடம்.

என் நண்பரின் குடும்பத்தார் சில மாதங்கள் கழித்து அவருடைய பரிசோதனைத் தாள்களை என்னிடம் காட்டினர். லாக்டேட் அளவு மிக உயர்ந்திருந்தது. அதை அளந்த நேரம் மறுநாட் காலை ஒன்பது மணி. முதல் நாள் மாலையில் ஒரு துளி குருதியும் எடுக்கப்படவில்லை, படமும் எடுக்கப்படவில்லை.