மீண்டும் உருகிய மக்னீசியம்

1909-ஆம் ஆண்டில் பிராங்பர்ட் நகரத்து சர்வதேச வான்கப்பல் கண்காட்சியில், கிரீஷைம் இரசாயனத் தொழிற்சாலையார் ‘எலெக்ட்ரான்’ என்று பெயரிட்டுக் காட்சிக்கு வைத்த மக்னீசியக் கலப்புலோகம், ஜெர்மன் தேசத்து வார்ப்புத் தொழிலில் ஒரு புதிய அத்தியாயத்தைத் தொடங்கி வைத்தது. அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்கு இலேசான இந்த உலோகத்தை, இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் வோல்க்ஸ்வாகன் நிறுவனத்தார் தங்கள் ‘பீட்டில்’ காரின் எஞ்சின் கூட்டிற்கும் கியர் பெட்டிக்கும் ஏற்றுக்கொண்டு, வண்டி ஒன்றுக்குச் சுமார் 20 கிலோ வீதம், 1971-இல் ஏறக்குறைய 42,000 டன் வரையில் செலவிட்டார்கள்.

வார்ப்பு பெருகிய இடத்தில் கழிவும் பெருகும். அழுத்த வார்ப்பில் அச்சுக்குள் செலுத்தும் உலோகத்தில் பாதிக்கு மேல்கூட, அது பாய்ந்து சென்ற வாய்க்கால்களிலும் விளிம்புகளிலும் உறைந்து நின்றுவிடுவதுண்டு. மூலப்பொருளிலிருந்து மக்னீசியத்தைப் புதிதாய்ப் பிரித்தெடுக்க வேண்டிய சக்தியில் மிகச் சிறு பங்கே அக்கழிவை உருக்கப் போதுமாதலால், அதை வீசி எறிய எந்தப் பட்டறைக்கும் மனம் வராது.

ஆனால் இந்த உலோகத்தின் சுபாவம் உக்கிரமானது. 650 டிகிரியில் உருகும் அது, காற்றுப் பட்டால் கண்கூசும் வெள்ளொளியோடு எரியும். அணைக்கலாமென்று தண்ணீர் ஊற்றினாலோ, தண்ணீரையே பிளந்து ஹைட்ரஜன் வாயுவை விடுவித்து வெடிக்கும். ஆகையால் அக்காலத்து உலைக்காரர் எஃகு மூசையில் கழிவை இட்டு, மக்னீசியம், பொட்டாசியம் முதலியவற்றின் குளோரைடு உப்புக்களை அதன்மேல் தூவிக்கொண்டேயிருப்பார். உருகிய உப்பு போர்வையாய் மூடுவதோடு, ஆக்சைடு அழுக்கையும் பற்றிக்கொண்டு மூசையின் அடியில் போய்ப் படியும். வார்க்கும் நேரத்தில் மூசையின் வாயருகே கந்தகப் பொடியைத் தூவ, நீலச் சுவாலையும் மூச்சை அடைக்கும் நெடியும் எழும். அந்தப் புகைதான் பாயும் உலோகத்திற்குக் காவல். இத்தனை ஜாக்கிரதைக்குப் பின்னும் உப்பின் துணுக்கு ஒன்று வார்ப்புக்குள் தங்கிவிட்டால், அது ஈரத்தை இழுத்து, பளபளப்பாய்க் கடைந்த பரப்பின்மீது சில நாட்களில் வெண்பொடியாய்ப் பூத்துவிடும்.

இதனினும் நுட்பமான சத்துரு ஒன்றுண்டு. இரும்பு, நிக்கல், செம்பு ஆகியவை அற்ப அளவில் கலந்தாலும் உப்பு நீரில் மக்னீசியம் விரைந்து அரிக்கப்படும் என்பதை, அமெரிக்காவில் டௌ நிறுவனத்து ஆராய்ச்சியாளர் 1942-இல் விரிவாக வெளியிட்டனர். மாங்கனீசைச் சேர்த்தால் இரும்பு அதனோடு கூடி அடியில் படிந்துவிடும். நிக்கலுக்கும் செம்புக்கும் அத்தகைய எளிய பரிகாரம் கிடையாது. பழைய எஞ்சின் கூட்டில் பித்தளைத் துண்டொன்று மறந்து கிடந்தால் உலை முழுவதும் கெடும். எனவே, உருக்குமுன் ஒவ்வொரு துண்டையும் புரட்டிப் பார்த்துக் கையால் பிரித்தவர்களின் சாமர்த்தியத்தை, உலோக சாஸ்திரியின் ஞானத்திற்குச் சமமாகவே நான் மதிக்கிறேன்.

1970-களில் கந்தகமும் புளோரினும் கூடிய சல்பர் ஹெக்ஸாபுளோரைடு வாயு உலைக்குக் காவலாய் வந்தது. நெடியில்லை, தொழிலாளியின் சுவாசத்திற்குத் தீங்கில்லை என்று பட்டறைகள் அதை மகிழ்ந்து வரவேற்றன. பின்னரோ, பூமியை வெப்பமாக்குவதில் அது கரியமில வாயுவினும் இருபதினாயிரம் மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடையதென்று தெரியவரவே, ஆண்டுக்கு 850 கிலோவும் அதற்கு மேலும் அவ்வாயுவைச் செலவிடும் மக்னீசிய அழுத்த வார்ப்புப் பட்டறைகளில் அதனை ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் தடை செய்தது. அவற்றுள் பல, கந்தக டை ஆக்சைடு வாயுவைத் திட்டமான அளவில் குழாய் வழியே உலைக்குள் செலுத்தும் முறைக்குத் திரும்பின.