யூபிலியும் முல்லையாறும்

யூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் கூட்டுத் திருப்பலியுமே நம் நினைவுக்கு வருகின்றன. லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரமோ நிலத்துக்கும் யூபிலி உண்டு என்கிறது. ஐம்பதாம் ஆண்டில் விதைக்கலாகாது. தானாய் விளைந்ததை அறுத்துச் சேர்க்கலாகாது. நிலம் ஆண்டவருடையது, மனிதன் அதில் குடியிருக்க வந்தவனே (25:23).

குத்தகை நம் பள்ளத்தாக்குக்குப் புதிதன்று. தாது வருஷப் பஞ்சம் கண்ட ஆங்கில அரசு, 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் மன்னரிடம் ஏறக்குறைய 8,000 ஏக்கர் நிலத்தை, ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய் வீதம், 999 ஆண்டுகளுக்குக் குத்தகை பெற்றது. (எழுதியவர்கள் தங்கள் ஆயுளை மறந்துவிட்டனர் போலும்!) வெள்ளம் அடித்துச் சென்றதை மீண்டும் கட்டி, 1895-ல் அணையை முடித்தார் பென்னிகுக். காட்டுக் காய்ச்சலில் மடிந்த கூலியாட்களின் பெயரை யார் அறிவார்? மேற்கே ஓடிய நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே வந்தது. லோயர்கேம்ப் முதல் நமது பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் அதனால் வாழ்கின்றன.

பூமியைக் கீழ்ப்படுத்தும் அதிகாரம் மனிதனுக்கு அளிக்கப்பட்டதென ஆதியாகமம் 1:28-ஐக் காட்டுவோர் உண்டு. அடுத்த அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும். தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவுமே ஆதாம் வைக்கப்பட்டான் (2:15). திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலிலும் இவ்விரு சொற்களை விளக்கியுள்ளார். ‘காத்தல்’ என்பதற்கு எபிரேயத்தில் ‘ஷாமர்’ என்பது சொல். காயின் தன் தம்பியைப் பற்றிக் கேட்கப்பட்டுத் தட்டிக் கழித்தபோது வருவதும் அதே சொல்லே (4:9). தோட்டத்தைக் காப்பதும் சகோதரனைக் காப்பதும் வேதத்தில் ஒரே சொல்லாய் இருப்பது நமக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி எல்லாம் கடந்து, அவ்வூர்களின் சாக்கடையும் சேர்ந்தே ஆறு நம்மிடம் வருகிறது. எசேக்கியேல் 34-ல் கொழுத்த ஆடுகள் தெளிந்த நீரைக் குடித்துவிட்டு மிச்சத்தைக் காலால் கலக்குகின்றன. மற்ற ஆடுகள் அந்தக் கலங்கலைக் குடிக்கின்றன. இதைப் படித்ததும் தலைமடைக்காரரை ஏசத் தோன்றும். பொறுங்கள். நம்மூரைத் தாண்டியதும் இந்த ஆறு வைகையோடு கலந்து, 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணைக்குச் செல்கிறது. மதுரை மக்கள் குடிப்பது அந்நீரையே. அவர்களுக்குத் தலைமடைக்காரர் நாமே அல்லவா?

யூபிலி அசனத்துக்குப் பின் எச்சில் இலைகளையும் பிளாஸ்டிக் கோப்பைகளையும் வாய்க்கால் ஓரம் கொட்டலாகாது என விழாக் குழுவினரிடம் சொல்லியிருக்கிறோம். குழி வெட்டும் வேலையை இளைஞர்கள் ஏற்றுள்ளனர்.