பீங்கான்: பெயரும் பண்டமும்

கல்முனை முதலிய கிழக்கிலங்கை ஊர்களில் சோறுண்ணும் தட்டைப் பீங்கான் என்பர். சீனத்திலே பிறந்த கலத்துக்குச் சீனப் பெயர் வழங்காது பாரசீகப் பெயர் வழங்குதல் நோக்கற்பாலது. பாரசீகர் கிண்ணத்தைப் பிங்கான் என்றனர். மலாய் மொழியிலும் சிங்களத்திலும் அச்சொல்லே சிறிது திரிந்து தட்டைக் குறிக்கின்றது. ஆக்கியோன் பெயர் மறைந்து கொணர்ந்தோன் பெயர் நிலைபெற்ற வகை யாது?

வெண்களியோடு ஒருவகைக் கற்பொடியைச் சேர்த்து வனைந்து, ஏறத்தாழ 1300 பாகைச் சூட்டிற் சுட்டெடுத்தால் கலம் கண்ணாடிபோல் இறுகும், நீரை உறிஞ்சாது, தட்டினால் மணிபோல் ஒலிக்கும். ஐரோப்பியர் இந்நுட்பத்தைச் சாக்சனி நாட்டில் 1708 ஆம் ஆண்டளவிலேயே கண்டறிந்தனர். சீனரோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தம் கலங்களைக் கடல்கடந்து விற்றனர்.

அவற்றைச் சுமந்த மரக்கலம் ஒன்று இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998 இல் கண்டறியப்பட்டது. அதில் ஏறக்குறைய 60,000 கலங்கள் இருந்தன. பெரும்பாலானவை சாங்சா நகர்ச் சூளைகளிற் சுட்ட கிண்ணங்கள். உடையாதிருக்கப் பெருஞ்சாடிகளுள் அடுக்கப்பட்டிருந்தன. கிண்ணமொன்றிற் பொறித்த திகதி கி.பி. 826 ஆம் ஆண்டுக்குரியது. சரக்குச் சீனருடையது, கப்பலோ ஆணியின்றிக் கயிற்றாற் பலகைகளைத் தைத்துக் கட்டியது. அவ்வாறு கட்டுவது மேற்காசியரின் தொழில்.

ஈழத்திலும் இத்தகைய சான்றுகள் உள. மன்னாரை அடுத்த மாதோட்டத்தில் 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் நடத்திய அகழ்வில் தாங் காலச் சீன ஓடுகளும், மேற்காசியாவின் நீலப்பச்சை மெருகிட்ட ஓடுகளும் வெளிப்பட்டன. யாழ்ப்பாணத்தை அடுத்த அல்லைப்பிட்டியில் அவர் 1977 இல் ஆராய்ந்த ஓடுகள் சொங் காலத்துத் தென்சீனச் சூளைகளைச் சேர்ந்தவை. சாங்காய் அரும்பொருளகத்தார் 2018 இல் அவ்விடத்தை மீண்டும் அகழ்ந்தனர். சீன ஓடு கிடைத்த இடமெல்லாம் சீனர் குடியிருந்தனர் என்று துணிந்து கூறுவார் உளர். அக்கூற்றை ஏற்றற்கில்லை. ஓடு சூளையைக் காட்டும், மாலுமியைக் காட்டாது. அதன் அயலிற் கிடந்த பிற பொருள்களையும் மண்ணடுக்கையும் கொண்டே பிறவற்றை உணரல் வேண்டும். கிணறு தோண்டுகையில் வெளிப்படும் ஓட்டைக் குப்பையில் எறிவாரும், அழகுப் பொருளென வீட்டுக்கு எடுத்துச் செல்வாரும் ஆராய்ச்சிக்கு ஒரே தீங்கையே செய்கின்றனர்.

இனிப் பாரசீகப் பெயருக்கு வருவோம். 1344 இல் இலங்கைக்கு வந்த இபுனு பதூதா, தம்மை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி பாரசீக மொழியை அறிந்திருந்தான் என எழுதினார். சீனத் தளபதி செங் ஹோ நிறுவுவித்த 1409 ஆம் ஆண்டுக் கல்வெட்டு காலியிலே 1911 இற் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு அரும்பொருளகத்தில் உள்ளது. அது புத்தருக்குச் சீன மொழியிலும், தெனாவரை நாயனாருக்குத் தமிழிலும், அல்லாஹ்வுக்குப் பாரசீகத்திலும் காணிக்கை கூறுகின்றது. அதிற் சிங்களமும் இல்லை, அரபும் இல்லை. கடல் வணிகர் தமக்குள் வழங்கிய மொழிகள் எவை என்பதைச் சீனர் நன்கறிந்திருந்தனர்.

கொடுக்கல் ஒருவழியாகவும் நிகழவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் சிங்தேசன் சூளைகள் வெண்கலத்தின்மீது நீலச்சித்திரம் தீட்டுவதற்குக் கோபால்ட் என்னும் தாதுப்பொருளைப் பாரசீகத்திலிருந்து பெற்றன. செங்தே மன்னன் காலத்து (1506–1521) நீலக் கலங்கள் சிலவற்றில் அரபெழுத்துக்களையே காணலாம். பாரசீக மன்னன் ஷா அப்பாஸ் 1611 இல் அர்தபீல் அடக்கத்தலத்துக்கு 1,100 இற்கு மேற்பட்ட சீனக் கலங்களை வழங்கினான்.

அவற்றுள் அகன்ற பெருந்தட்டுக்கள் பல. சீனர் தம் சோற்றைச் சிறு கிண்ணத்திலே தனித்தனியே உண்பவர். இத்தகைய தட்டு அவர்க்கு வேண்டுவதன்று. பலர் வட்டமாயிருந்து ஒரு தட்டில் உண்ணும் மேற்காசியர் வழக்கை நோக்கியே அவை வனையப்பட்டன என்பது கலை வரலாற்றாசிரியர் கருத்து. இலங்கை முஸ்லிம்களின் விருந்துகளிலும் அவ்வழக்கு உண்டு. அத்தட்டுக்கு அவர்கள் வழங்கும் சஹன் என்னும் பெயர் அரபுச் சொல்.