சுங்கம்: விலையாகப் பிறந்த சொல்

வெளிநாட்டுக் கடையில் இணையம் வழியே பொருள் வாங்குகிறவர் இன்று இரண்டு முறை பணம் கட்டுகிறார். திரையில் கண்ட விலையை முதலில் கட்டுகிறார். பார்சல் நாட்டுக்குள் வந்தபின், கூரியர் நிறுவனம் அனுப்பும் குறுஞ்செய்தியைப் பார்த்தோ, வாசலில் நிற்கும் தபால்காரர் கேட்டோ, இன்னொரு தொகையைக் கட்டுகிறார். இரண்டாவது தொகைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் சுங்கம். அதை அபராதம் போலவும் தடை போலவும் பேசுவது வழக்கமாகிவிட்டது. சொல்லின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. சுங்கம் என்பது அடிப்படையில் விலையைக் குறித்த சொல். பொருளின் மதிப்பில் ஒரு பங்கு என்பதே அது குறித்த செயல். ஆகவே வாங்குகிறவர் விலை பேசி முடிக்கும்போதே சுங்கமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. அது தெரியாமல் போனதுதான் இன்றைய மனக்குறையின் வேர்; வரி இருப்பது அன்று.

தமிழில் இதன் பழைய வடிவம் உல்கு. அரசனின் வருவாயை மூன்றாகப் பிரிக்கும் திருக்குறள், உடையவர் இல்லாமல் தானே வந்து சேரும் பொருளுக்கும் பகைவர் கட்டும் திறைக்கும் நடுவில் உல்கை வைக்கிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் பண்டகசாலைத் தெருவைக் காட்டுகிறது: கடலிலிருந்து கரையேறும் சரக்கும் நாட்டிலிருந்து கடலுக்குப் போகும் சரக்கும் மலைபோல் குவிந்து கிடக்கின்றன, சோழனின் ஆட்கள் ஓய்வில்லாமல் உல்கு கொண்டு, ஒவ்வொரு பொதியிலும் புலி முத்திரை குத்துகிறார்கள். அதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பெரும்பாணாற்றுப்படையில், மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் போகும் பெருவழியில் உல்கு வாங்கப்படுவதையும், வில்லேந்திய வீரர்கள் அவ்வழியைக் காப்பதையும் சொல்கிறார். கடல் வழிக்கும் தரை வழிக்கும் அன்று ஒரே சொல்தான். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் உல்கு என்பதற்குச் சுங்கம் என்று பொருள் தந்து, கப்பலில் வரும் சரக்குக்கும் தரைவழி வரும் சரக்குக்கும் உரிய இறை என விளக்குகிறார். அவர் காலத்தில் உல்கு விளக்கம் வேண்டிய பழஞ்சொல்லாகியிருக்கிறது. சுங்கம் எல்லாருக்கும் தெரிந்த சொல்லாகியிருக்கிறது. அவர் சொன்ன இரண்டு வழிகளும் இன்றும் அதே சொல்லில்தான் நிற்கின்றன: நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி, துறைமுகத்தில் சுங்கத்துறை.

உல்கும் சுங்கமும் வேறு வேறு சொற்களா? ஒரே சொல் இரண்டு முறை தமிழுக்குள் வந்ததன் தடயங்கள் என்றே நான் கொள்கிறேன். வடமொழியில் சுல்க என்பதற்கு ரிக் வேதத்திலேயே விலை என்பது பொருள். பெண்ணைக் கொடுப்பதற்காக வாங்கும் பணமும் பின்னாளில் அப்பெயர் பெற்றது. குரஜாட அப்பாராவ் அந்த வழக்கத்தைச் சாடித் தெலுங்கில் எழுதிய நாடகத்தின் பெயர் கன்யாசுல்கம். இந்தியில் இன்று சுல்க் என்றால் கட்டணம். எல்லையைக் குறிக்கும் சொல்லை முன்னால் சேர்த்தால் அதுவே சுங்கவரி. சபை அவையாகவும் சமணர் அமணராகவும் ஆனது போல முதலெழுத்து உதிர்ந்தால் சுல்க உல்கு ஆகும். பாலி மொழியில் அதே சொல் சுங்க என்று மூக்கொலி பெற்றது. தெலுங்கும் கன்னடமும் தமிழும் பின்னர் வழங்கிய வடிவம் அதை ஒட்டியது. உல்கு தனித்தமிழ்ச் சொல்லே என்போரும் உண்டு. அது சரியென்று வைத்துக்கொண்டாலும், சுங்கத்தின் பிறப்பு மாறாது. இலங்கைத் தமிழர் பெரிதும் எழுதும் தீர்வை என்ற சொல் மட்டும் வேறு குடும்பம். தீர்த்துக் கட்ட வேண்டியது என்ற எண்ணத்தில் பிறந்தது.

வேர்ச்சொல்லை வைத்து நியாயம் பேசலாமா என்ற கேள்வி இங்கே எழும். மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய பொருள் இன்றைய சட்டத்தைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். ஆனால் இங்கே சொல் மட்டும் சாட்சியில்லை. செயலும் அதே திசையைக் காட்டுகிறது. அர்த்தசாஸ்திரம் சுங்க அதிகாரிக்கென்று ஒரு அத்தியாயமே ஒதுக்குகிறது. நகரின் பெருவாயில் அருகே சுங்கச்சாலை. அதன் முன் ஒரு கொடி. நாலைந்து பேர் உட்கார்ந்து எழுதுகிறார்கள்: வணிகர் யார், எங்கிருந்து வருகிறார், எவ்வளவு சரக்கு, முதல் முத்திரை எங்கே குத்தப்பட்டது. பிறகு வணிகர் கொடியடியில் நின்று, இவ்வளவு சரக்கு, இன்ன விலை, வாங்குவார் யார் என்று மூன்று முறை கூவ வேண்டும். போட்டியில் விலை ஏறினால், ஏறிய தொகை சுங்கத்தோடு சேர்ந்து கருவூலத்துக்குப் போகும். சுங்கத்துக்குப் பயந்து அளவையோ விலையையோ குறைத்துச் சொன்னவரின் கூடுதல் சரக்கை அரசன் எடுத்துக்கொள்வான், அல்லது அவர் எட்டு மடங்கு சுங்கம் கட்ட வேண்டும். உள்ளே வரும் சரக்குக்குப் பொது விகிதம் மதிப்பில் ஐந்தில் ஒன்று. இன்று பார்சல்மேல் ஒட்டும் சுங்க அறிவிப்புச் சீட்டு கேட்பதும் ஏறத்தாழ இதே கேள்விகளைத்தான். மாறியது ஒன்று: அன்று விலை எல்லார் காதிலும் விழும்படி சொல்லப்பட்டது, சுங்கம் கட்டியவரும் விலை சொன்னவரும் ஒருவரே. இன்று சீட்டை எழுதுபவர் வேற்று நாட்டு விற்பனையாளர். கட்டுபவர் அந்தச் சீட்டைக் கண்ணால் காணாத வாங்குநர்.

விகிதம் முன்கூட்டியே தெரிந்திருந்ததன் பயனை முசிறி ஒப்பந்தம் காட்டுகிறது. வியன்னாவில் இருக்கும் அந்த இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரசின் ஒரு பக்கத்தில் கடல் வணிகக் கடன் ஒப்பந்தம். மறுபக்கத்தில் ஹெர்மபோலன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்புக் கணக்கு. ரோமப் பேரரசு கிழக்கிலிருந்து வந்த சரக்கில் கால் பங்கைச் சுங்கமாக எடுத்தது. கடுமையான விகிதம் அது. ஆனாலும் அலெக்சாண்டிரியாவின் சுங்கக் கிடங்கில் சரக்கை முத்திரையிட்டு வைக்கும் ஏற்பாட்டைக் கடன் பத்திரத்திலேயே எழுதி வைக்க முடிந்தது. யவன வணிகர் அதைக் கணக்கில் கொண்டே மிளகுக்கும் தந்தத்துக்கும் விலை பேசியிருப்பார். காகதீய கணபதி தேவர் 1244-ஆம் ஆண்டு மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் பொறித்த அபய சாசனம் இன்னும் தெளிவானது. புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய கப்பல்களின் சரக்கை முந்தைய அரசர்கள் அப்படியே பறித்துக்கொண்டார்கள். இனி சுல்கம் மட்டுமே பெறுவோம் என்று அவர் உறுதி தந்து, முப்பதில் ஒன்று என்ற விகிதத்தையும் கல்லில் எழுதினார். பறிமுதலுக்கு எதிர்ச்சொல்லாகவே சுல்கம் அங்கே நிற்கிறது.

பழைய சுங்கம் மக்களுக்குச் சுகமாயிருந்தது என்று நான் சொல்லவில்லை. முதலாம் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் என்ற பெயரால் புகழப்பட்டதே, அது எத்தனை சுமையாக இருந்தது என்பதற்குப் போதுமான சான்று. சுமை கூடலாம், குறையலாம்; தெரிந்த சுமையா, தெரியாத சுமையா என்பது தனிக் கேள்வி. இந்தியாவில் இன்று கணக்கு போடும் முறையைப் பாருங்கள். பொருளின் விலையோடு கொண்டுவரும் கூலியும் காப்பீடும் சேர்ந்து 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சுங்கவரி நூற்றுக்கு 20 என்றால் 1,000. அந்த ஆயிரத்தின்மேல் பத்து விழுக்காடு சமூக நல மேல்வரி 100. இவையெல்லாம் சேர்ந்த 6,100 ரூபாய்மேல் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி 18 விழுக்காடு என்றால் 1,098. ஆக வரி மட்டும் 2,198 ரூபாய். வரியின்மேல் வரி ஏறுவதால் 20-ஐயும் 18-ஐயும் கூட்டி மனக்கணக்கு போட்டவருக்கு இது பிடிபடாது. இதற்குமேல் கூரியர் நிறுவனம் தன் கிளியரன்ஸ் கட்டணத்தைச் சேர்க்கும். முன்பு 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு விலக்கு இருந்தது. விற்ற சரக்கையே அன்பளிப்பு என்று எழுதி அனுப்பும் வணிகம் பெருகியதால் 2019 டிசம்பரில் அந்த வழி அடைக்கப்பட்டது. ராக்கி, உயிர்காக்கும் மருந்து போன்ற சிலவற்றுக்கே இடம் விடப்பட்டது. அந்த முடிவு சரியானது. உள்ளூரில் சட்டை தைத்து ஜிஎஸ்டி கட்டி விற்பவருக்கு எதிரே, பொய்ச் சீட்டோடு வரும் சட்டை வரியின்றி நிற்பது அநியாயம். அமெரிக்காவும் 800 டாலர் வரையிலான பார்சல்களுக்குத் தந்துவந்த விலக்கை 2025 ஆகஸ்டு 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவிட்டது.

ஆயிரக்கணக்கான பண்டங்களுக்கு வெவ்வேறு விகிதம் இருக்கையில், வாங்கும் நொடியில் சரியான தொகையைச் சொல்வது எப்படி என்று துறையினர் கேட்கக்கூடும். வலுவான கேள்விதான். ஆனால் இந்தியச் சுங்கத் தீர்வைப் பட்டியலின் 98-ஆம் அத்தியாயத்திலேயே, சொந்த உபயோகத்துக்காகத் தபாலிலோ விமானத்திலோ வரும் பொருள்களுக்கென்று தனித் தலைப்பு இருக்கிறது. பண்டத்துக்குப் பண்டம் விகிதம் தேடாமல் தொகையைச் சொல்ல அது வழி தருகிறது. சிங்கப்பூர் 2023 ஜனவரி முதல் 400 வெள்ளிக்கு மேற்படாத பார்சல்களுக்கான ஜிஎஸ்டியை, பதிவுபெற்ற விற்பனையாளரும் இணையச் சந்தையும் பணம் வாங்கும் பக்கத்திலேயே வசூலிக்கும்படி செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான மதிப்புக்கூட்டு வரி விலக்கை 2021 ஜூலையில் நீக்கியபோதே, 150 யூரோ வரையிலான சரக்குக்கு விற்கும் இடத்திலேயே வரி கட்டிவிடும் ஒற்றைச் சாளர வசதியையும் திறந்தது. ஆகவே கொடியடியில் விலையைக் கூவிச் சொன்ன பழைய முறையை இன்றைய திரைக்குக் கொண்டுவரக் கருவிகள் இருக்கின்றன. பெரிய இணையச் சந்தைகளை இந்தியா பதிவு செய்யச் சொல்லலாம். சொந்த உபயோகப் பார்சலுக்கான மொத்த வரியைப் பொருளின் விலைக்குக் கீழேயே ரூபாயில் காட்டச் சொல்லலாம். கூரியரின் கிளியரன்ஸ் கட்டணத்தை வரியோடு கலக்காமல் தனியாக அச்சிடச் சொல்லலாம். குறைத்து எழுதிய சீட்டுக்கான தண்டத்தை, அதை எழுதிய விற்பனையாளரிடமும் அவருக்கு இடம் கொடுத்த சந்தையிடமும் வாங்க வேண்டும். சீட்டைப் பார்த்தேயிராத வாங்குநரின் பார்சலை வாரக்கணக்கில் நிறுத்திவைப்பதால் அந்தப் பொய் திருந்தப் போவதில்லை.