காற்றுக்கு ஒரு வழி

சாளரத்திற்குத் தமிழில் காலதர் என்றொரு பழம்பெயர் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. வெளியே எட்டிப் பார்க்கும் துளையாக அன்றி, காற்று நடந்து வரும் பாதையாகவே நம் முன்னோர் அதனைக் கருதினர். வெயில் மிகுந்த நாட்டிலே பிறந்த சொல் அன்றோ! புகார் நகரத்து மாளிகைகளில் மானின் கண் போன்ற காலதர்கள் இருந்தனவென்று சிலப்பதிகாரம் கூறும். வேனிற்காலத்தில் தென்றலை வரவேற்ற பள்ளியறையின் சாளரங்கள், கூதிர்க்காலத்தில் தாழிட்டுக் கிடந்தனவென்று நெடுநல்வாடை காட்டும். பருவம் அறிந்து வீடு கட்டும் கலை நமக்குப் புதியதன்று.

எனது ஊர் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் உள்ளது. கடற்காற்று எளிதில் எட்டாத உள்நாடு. கத்திரி வெயிலின் கொடுமையை எங்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அச்சாலையில் கிழக்கே சென்றால் செஞ்சிக் கோட்டையை அடையலாம். அங்குள்ள கல்யாண மகாலில் சதுர முற்றத்தைச் சுற்றி அறைகள். இடையே அடுக்கடுக்காக உயரும் மாடம். ஒவ்வொரு நிலையிலும் நடுவே சிறியதோர் அறை; அதனைச் சூழ்ந்து வளைவுகளுடன் கூடிய தாழ்வாரம். அறையின் சுவர்மீது நேர் வெயில் பெரிதும் படாது. எத்திசைக் காற்றும் உள்ளே நுழையும்.

இவ்வறிவு அரண்மனைக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. எங்கள் பாட்டனார் வீட்டிலும் அது எளிய கோலத்தில் விளங்கிற்று. தாழ்ந்த ஓட்டுக்கூரை திண்ணைக்கும் சுவருக்கும் நிழல் தந்தது. பருத்த மண்சுவர் வெப்பத்தை விரைவில் உள்ளே விடவில்லை. முற்றத்தில் சூடேறிய காற்று மேலே எழ, அவ்விடத்தை நிரப்பத் தெருவாசல் வழியே புதுக்காற்று கூடத்திற்குள் வந்தது. இரவிலோ, முற்றம் தன் சூட்டை வானுக்கு விட்டுக் குளிர்ந்தது.

அந்த வீட்டை இடித்தவன் நானே. முற்றம் வீணான இடம் என்று எண்ணி, அதன்மேலும் கான்கிரீட் தளம் போட்டேன். பகலெல்லாம் பருகிய வெயிலைத் தளம் இரவெல்லாம் உமிழ்ந்தது. முதற் கோடையிலேயே என் தாயார் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குச் சென்றுவிட்டார். "வீடு நன்றாகத்தான் கட்டியிருக்கிறாய், கண்ணு, காற்று வரத்தான் வழி வைக்கவில்லை" என்றார். அச்சொல் இன்றும் என் நெஞ்சில் உறுத்துகிறது.

பின்னர் மாடித்தளத்திற்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினேன். மேற்குச் சுவரை ஒட்டிக் கீற்றுப் பந்தல் போட்டேன். படிக்கட்டின் உச்சியில் சூடான காற்று வெளியேறத் திறப்பு அமைத்தேன். வெம்மை ஓரளவு தணிந்தது, முற்றம் திரும்பவில்லை.

2024-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. எனவே இது என் ஒரு வீட்டுக் கதையன்று. வீடு கட்ட முனையும் நேயர்களே! எத்தனை அறைகள் என்று கணக்கிடுவதற்கு முன், உங்கள் மனையில் தென்றல் எவ்வழியே நுழைந்து எவ்வழியே வெளியேறும் என்பதை ஒரு கோடை மாலையில் நின்று பார்த்துவிடுங்கள்.